மெக்ஐவர் பூங்காவில் வெட்டவெளிதான் வில்லன்

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் பக்கம் புதிதாக டிஸ்க் கோல்ஃப் ஆட ஆரம்பித்திருக்கும் நம் ஆட்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: மைதானம் மாதிரி இருக்கும் இடத்தில் எப்படியோ சமாளித்துவிடுகிறோம், காட்டுக்குள் போகும் ஹோல்களில்தான் மானம் போகிறது என்று. எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. எஸ்டகாடா ஊருக்குப் பக்கத்தில், கிளாக்கமஸ் ஆற்றை ஒட்டி, மைலோ மெக்ஐவர் மாநிலப் பூங்கா இருக்கிறதே, அங்கே ஒரு முழுச் சுற்று ஆடிவிட்டு ஸ்கோரை நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். காட்டு ஹோல்களில் மூன்றும் நான்குமாக ஒழுங்காக இருக்கும். பாருக்கு, அதாவது ஒரு ஹோலுக்கு இத்தனை வீச்சு என்று வைத்திருக்கும் கணக்குக்கு, மேலே இரண்டு, மூன்று என்று கன்னாபின்னாவென்று ஏறியிருப்பதெல்லாம் குறுக்கே ஒரு மரம்கூட நிற்காத புல்வெளியில் வாங்கியதாக இருக்கும்.

இந்த விளையாட்டைப் பார்த்தே இராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் தட்டு. டீ என்கிற தொடக்க இடத்திலிருந்து வீசுகிறோம், தட்டு விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசுகிறோம், கடைசியில் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் போட வேண்டும், அதோடு ஒரு ஹோல் முடிந்தது. குறைவான வீச்சில் முடிப்பவர் கெட்டிக்காரர். அந்தச் சங்கிலிக் கூடையை உருவாக்கியவர் எட் ஹெட்ரிக், ஃப்ரிஸ்பி தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் இருந்தவர். 1975-இல் கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தைப் போட்டவரும் அவர்தான். அப்போது கூடை கிடையாது, வெறும் கம்பம்தான். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று சண்டை வந்துகொண்டே இருக்க, தட்டைப் பிடித்து நிறுத்த ஒன்று வேண்டுமென்று சங்கிலியைத் தொங்கவிட்டு 1977-இல் காப்புரிமை வாங்கினார். 2002-இல் அவர் இறந்ததும், அவர் விருப்பப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்துவிட்டார்கள். கங்கையில் கரைப்பது, காவிரியில் கரைப்பது எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம், இது வேறு ரகம்.

மெக்ஐவரில் மொத்தம் 27 ஹோல்கள். ஆடக் கட்டணம் கிடையாது, மாநிலப் பூங்கா என்பதால் வண்டி நிறுத்தத்தான் காசு. ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கமிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். எங்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஆடுகளங்கள் இருக்கின்றன. செயின்ட் ஜான்ஸில் இருக்கும் பியர் பார்க் முழுக்க முழுக்க நெடுமரங்கள், அங்கே ஆடினால் காட்டு ஆட்டம் கைவந்துவிடும். ஆனால் அவையெல்லாம் ஒரே குணம். ஒன்று காடு என்றால் காடு, இல்லை வெளி என்றால் வெளி. மெக்ஐவர் அப்படி இல்லை. அகலமான புல்வெளியில் கையை வீசி ஆடவிட்டு, கை சூடேறும் நேரத்தில் மரங்களுக்குள் தள்ளிவிடும். அங்கே மூச்சைப் பிடித்து நிதானமாக நாலு வீச்சு வீசிப் பழகியதும் மறுபடி வெளியே இழுத்து வெயிலிலும் காற்றிலும் நிறுத்திவிடும். பீவர் ஸ்டேட் ஃப்ளிங் என்ற போட்டி பல வருடம் இங்கேதான் நடந்தது, அமெரிக்கத் தேசியச் சுற்றில் ஒரு கட்டமாக இருந்த போட்டி அது. உலகத்தின் பெரிய கைகள் எல்லாம் இங்கே வந்து தலையைச் சொறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, வெட்டவெளிக்கு வருவோம். டீயில் நிற்கிறீர்கள். முன்னால் பச்சைப் புல், தூரத்தில் கூடையின் மஞ்சள் பட்டை, அதற்கும் பின்னால் ஃபர் மரங்களின் கறுத்த வரிசை. எவ்வளவு தூரம் இருக்கும்? முன்னூறு அடி என்று கண் சொல்லும். பலகை நானூற்றுச் சொச்சம் என்று சொல்லும். நடுவில் அளந்து பார்க்க ஒரு மரமோ கல்லோ இல்லாததால் கண் ஏமாறுகிறது. பின்னணியில் இருக்கும் மரங்கள் இருநூறு அடி உயரம் என்பதால் கூடையும் கிட்டத்தில் இருப்பதுபோல் தெரியும். அடுத்து கை. குறுக்கே தடை இல்லை என்று தெரிந்ததும் இந்தக் கைக்கு என்னதான் ஆகுமோ, பையிலிருந்து இருப்பதிலேயே வேகமான டிரைவரை, அதாவது தூரத்துக்கு வீசும் தட்டை, எடுத்து முழுப் பலத்தையும் போடச் சொல்லும். டெஸ்ட்ராயர் என்று இன்னோவா நிறுவனத்தின் தட்டு ஒன்று உண்டு, அதன் வேக எண் 12. அதற்கு வேண்டிய கைவேகம் என்னைப் போல வாரக் கடைசியில் மட்டும் தோளை அசைக்கும் ஆட்களிடம் இல்லவே இல்லை. வேகம் பற்றாத கையில் அது நேராகக் கொஞ்ச தூரம் போய், இடப்பக்கம் சாய்ந்து, பொத்தென்று விழும். ஆனாலும் புதிதாக ஆட வருகிற எல்லோர் பையிலும் ஒன்று இருக்கிறது, பெயர் அப்படி.

இதற்கெல்லாம் மேலே காற்று. ஆற்றுப் பள்ளத்தாக்கில் மத்தியானம் தாண்டினால் காற்று எழும்பிவிடும், புல்வெளியில் அதைத் தடுக்க எதுவும் கிடையாது. வலக்கைக்காரர் பின்கையால் (பேக்ஹேண்ட்) வீசும் தட்டு மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும். வேகம் இருக்கும்போது லேசாக வலப்பக்கம் திரும்பப் பார்க்கும், வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சரியும். இந்த இரண்டையும் கணக்குப் போட்டுத்தான் எல்லாத் தட்டுக்கும் நான்கு எண்கள் கொடுக்கிறார்கள்: வேகம், மிதப்பு, ஆரம்பத்தில் எவ்வளவு திரும்பும், கடைசியில் எவ்வளவு சரியும். காற்று வந்ததும் இந்த நான்கும் பொய்யாகிவிடுகின்றன. எதிர்க்காற்றில் தட்டுக்குத் தான் இன்னும் வேகமாகப் போவதாக நினைப்பு, அதனால் வலப்பக்கம் கவிழ்ந்து, மேலே ஏறி, எங்கேயோ போய்விடும். பின்காற்று நமக்குச் சாதகம் என்று தோன்றும். ஆனால் தட்டுக்கு அடியில் தாங்க வேண்டிய காற்று குறைந்துவிடுவதால் சீக்கிரமே கீழே இறங்கி இடப்பக்கம் சரியும். பின்காற்றை வாங்கிக்கொண்டு தூரம் போவதற்குக் கையில் அசுர வேகமும், தட்டை உயரத்தில் கொண்டுபோய் நிறுத்தும் வித்தையும் வேண்டும். 2016-இல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் என்ற ஆட்டக்காரர் நெவாடா பாலைவனத்தில் 1108 அடி வீசினாரே, அது அப்படிப் பலமான பின்காற்றை நம்பி வீசியதுதான். நமக்கு 280 அடியே தீபாவளி.

காட்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மரங்களுக்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிடுகிறது. டீயிலிருந்து பார்த்தால் இரண்டு டக்ளஸ் ஃபர் மரங்களுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு சந்து, அதற்கு அப்பால் கொஞ்சம் வெளிச்சம், அப்புறம் கூடை. எங்கே வீச வேண்டும் என்று காடே சொல்லிவிடுகிறது. அந்தச் சந்தில் வீசு, அவ்வளவுதான். பலம் வேண்டாம், உயரம் வேண்டாம், டெஸ்ட்ராயர் வேண்டவே வேண்டாம். டிஸ்கிராஃப்டின் பஸ் மாதிரி ஒரு நடுத்தூரத் தட்டை, வேகம் 5-தான், நேராக விட்டால் நேராகப் போகும் பிறவி, அதை எடுத்து எழுபது சதவீதப் பலத்தில் இடுப்பு உயரத்திலேயே தள்ளினால் முதல் மரங்களைத் தாண்டிவிடும். தாண்டியதும் வழி விரிந்துவிடுகிறது. தாண்டாமல் மரத்தில் பட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை, டக்கென்று சத்தம் கேட்கும், காலடியிலேயே விழுந்திருக்கும், ஒரு வீச்சு போனது, அவ்வளவுதான். வெட்டவெளியில் தப்பாகப் போன தட்டு நூற்றைம்பது அடி பக்கவாட்டில் போய், விளிம்பில் விழுந்து, சக்கரம் மாதிரி உருண்டு இன்னும் நாற்பது அடி போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள் எது மோசம் என்று.

காட்டில் பயப்பட வேண்டியது மரத்துக்கு அல்ல, கீழே இருப்பதற்கு. வாள் மாதிரி இலை நீட்டிக்கொண்டு நிற்கும் பெரணிப் புதர்கள் தட்டை அப்படியே விழுங்கிவிடும், மேலே தடயமே இருக்காது. நம்ம ஊர்ச் செந்தட்டிக்கு அண்ணன் ஒருவன் ஈரமான இடங்களில் இடுப்புயரம் நிற்பான், அரைக்கால் சட்டையோடு போனால் சாயங்காலம் வரைக்கும் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேலே பிளாக்பெர்ரி முள். லூதர் பர்பேங்க் என்ற புகழ்பெற்ற தாவர வித்தகர் 1885-இல் நல்ல பழம் தரும் என்று அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய வகை இது. பழம் உண்மையிலேயே நல்ல பழம்தான், ஆகஸ்டில் போனால் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பறித்துத் தின்றுகொண்டே இருக்கலாம். ஆனால் நம்மூரில் விறகுக்கு ஆகுமென்று கொண்டுவந்த சீமைக் கருவேலம் செய்ததைத்தான் இது இங்கே செய்திருக்கிறது; ஆற்றங்கரை, வேலியோரம், காலி நிலம், எங்கே பார்த்தாலும் இதுதான். இந்தப் புதருக்குள் போன தட்டை எடுக்க ஆசைப்பட்டு உள்ளே கை விட்டவர்கள் வெளியே வரும்போது பூனையோடு சண்டை போட்ட மாதிரி இருப்பார்கள். விதிப்படி தேட மூன்று நிமிடம்தான். கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு அபராதம் போட்டுக்கொண்டு பழைய இடத்திலிருந்தே மறுபடி வீச வேண்டும். அதனால் பச்சை, பழுப்பு, கறுப்பு நிறத் தட்டுகளை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். இளஞ்சிவப்பு வாங்குங்கள். மஞ்சளும் அக்டோபரில் உதவாது, பெரிய இலை மேப்பிள் மரங்கள் உதிர்க்கும் மஞ்சள் இலை ஒவ்வொன்றும் தட்டளவு இருக்கும்.

தட்டின் அடியில் கைபேசி எண்ணை எழுதி வைப்பது இங்கே பழக்கம். கண்டெடுத்தவர்கள் பெரும்பாலும் கூப்பிட்டுச் சொல்வார்கள். முன்பின் தெரியாத ஆள் அழைத்து, உங்கள் லெபர்ட் என்னிடம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னபோது, பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த என் மாமனார் ஒரு நிமிடம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதுவும் தட்டின் பெயர்தான் மாமா என்று விளக்கினேன்.

மாமா பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பணிக்காலத்தில் பாதி தாமிரபரணிப் பக்கம், அம்பாசமுத்திரம் வட்டாரம். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்தவருக்கு வீட்டிலேயே இருந்து அலுத்துவிட்டது, நானும் வரேன் மாப்பிள்ளை என்று ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டார். ஆட்டத்தில் அவருக்கு அக்கறை இல்லை, ஆற்றைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். கிளாக்கமஸ் அங்கே நல்ல வேகத்தோடு, கற்களின் மேல் வெள்ளையாகப் புரண்டு வரும். ஆழமான இடங்களில் கண்ணாடிப் பச்சை. ரப்பர் படகுகளைக் கொண்டுவந்து இங்கே இறக்கி, கீழே பார்ட்டன் பூங்கா வரைக்கும் மிதந்து போவது கோடையில் இந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. மாமா கரையில் குனிந்து தண்ணீரில் கை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார், அவ்வளவு குளிர்ச்சி.

"எத்தனை கன அடி போகுது மாப்பிள்ளை?"

நான் ஆறு என்று பார்த்தேன், அழகு என்று பார்த்தேன், கன அடி என்று பார்த்ததில்லை. கைபேசியில் தேடினால் எஸ்டகாடா அளவை நிலையத்தின் கணக்கு உடனே கிடைத்துவிடுகிறது. கோடைக் கடைசியில் ஆயிரம் கன அடிக்குக் கீழே இறங்கிவிடும் என்று காட்டினேன்.

"இவ்வளவு சின்ன ஆத்துக்கு இவ்வளவு நிதானமா கணக்கு வச்சிருக்காங்களே. மேல அணை இருக்கா?"

"இருக்கு மாமா. ரிவர் மில் அணைன்னு பேரு, 1911-ல கட்டினது. கரண்டுக்குத்தான், பாசனத்துக்கு இல்லை."

"அப்போ தண்ணிய அப்படியே விட்டுடறாங்களா? வாய்க்கால் ஒண்ணுமே இல்லையா?" அவருக்கு மனசு ஆறவில்லை. அடுத்த இரண்டு ஹோல் வரைக்கும் எங்கே தலைமதகு வைக்கலாம் என்று இடம் பார்த்துக்கொண்டே வந்தார். பூங்காவுக்குள்ளேயே மீன் பொரிப்பகம் இருக்கிறது, சால்மன் குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள் என்றதும்தான் கொஞ்சம் சமாதானமானார்.

அவரை வீச வைத்தது நான் அல்ல, எங்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். இங்கே அப்படித்தான், தனியாக வந்தவர்கள் யாரோடாவது ஒட்டிக்கொண்டு ஆடுவார்கள். அவர் தன் பட்டரை, கூடைக்குப் பக்கத்திலிருந்து போடும் தட்டை, நீட்ட, மாமா அதை வாங்கி விரல்களால் விளிம்பை உருட்டிப் பார்த்துவிட்டு, இது டெனிகாய்ட் மாதிரில்ல இருக்கு என்றார். நம் பள்ளிக்கூடங்களில் ஆடிய வளையப்பந்து. அலுவலக மனமகிழ் மன்றத்தில் வருடக்கணக்கில் ஆடியிருக்கிறாராம், என் மனைவிக்கே அது புதுச் செய்தி. டெனிகாய்ட்டில் வளையம் ஆடிக்கொண்டே போனால் தவறு, தட்டையாக, நடுக்கமில்லாமல் விட வேண்டும். அதே மணிக்கட்டு அசைவுதான் இங்கேயும் வேண்டும். மாமா வேட்டியைப் போல பேன்ட்டை லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டு, முழங்கையை மடக்கி, உடம்பைத் துளியும் திருப்பாமல் ஒரு சுண்டு சுண்டினார். தொண்ணூறு அடி போயிருக்கும். ஆனால் என்ன சுத்தம்! ஒரு ஆட்டம் இல்லை, ஒரு சாய்வு இல்லை, இரண்டு மரத்துக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி போய் வழி நடுவில் உட்கார்ந்தது. அந்த வெள்ளைக்காரப் பெரியவர் கை தட்டிவிட்டு, உங்கள் மாமாவிடம் கற்றுக்கொள் என்றார்.

அன்று காட்டு ஹோல்களில் எங்கள் மூவரில் மரத்தில் படாமல் ஆடியது மாமா மட்டும்தான். நாங்கள் ஒரு வீச்சில் போகும் தூரத்துக்கு அவர் மூன்று வீச்சு எடுத்துக்கொண்டார், போகட்டும், ஆனால் போய்ச் சேர்ந்தார். வெட்டவெளிக்கு வந்ததும் அவருக்கும் அதே வியாதி பிடித்துக்கொண்டது. தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு, ஓடி வந்து, சுழன்று, பலம் கொண்ட மட்டும் விட்டார். தட்டு செங்குத்தாக மேலே ஏறி எங்கள் தலைக்குப் பின்னால் வந்து விழுந்தது. சொன்னேன் அல்லவா, வெட்டவெளி ஆளைப் பார்த்துப் பிடிப்பதில்லை.

இன்னொன்றும் அவர் கேட்டார். என் தட்டு ஒரு செடார் மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது, கூடைக்கும் எனக்கும் நடுவே ஒரு கிளை மூஞ்சிக்கு நேராகத் தொங்கியது. "அத ஒடிச்சுட்டா வேலை முடிஞ்சுதே?" கூடாது மாமா. தட்டு கிடந்த இடத்தில் சின்ன அடையாளத் தட்டை வைத்து, அதற்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளத்துக்குள் ஒரு கால் இருக்க வேண்டும், அங்கிருந்து எப்படி வளைந்து நெளிந்து வீசினாலும் சரி. கிளையை ஒடிக்கவோ கட்டவோ கூடாது. மண்டி போட்டு, ஒரு காலைப் பின்னால் பக்கவாட்டில் நீட்டி, கிளைக்கு அடியில் முன்கையால் (ஃபோர்ஹேண்ட்) வீசினேன். முன்கையில் சுழற்சி எதிர்ப்பக்கம், தட்டு கடைசியில் வலப்பக்கம் சரியும். மரத்தைச் சுற்றி வளைந்து கூடைக்கு இருபது அடியில் போய் நின்றது. இந்த ஒரு வீச்சுக்காகத்தான் நான் காட்டு ஹோல்களை விரும்புவதே. முன்கை தெரியாமல் மெக்ஐவருக்கு வராதீர்கள் என்பேன், பின்கையை மட்டும் வைத்துக்கொண்டு வந்தால் பாதிச் சந்துகள் உங்களுக்கு மூடியே இருக்கும்.

வெட்டவெளியில் பட் போடுவது, அதாவது கிட்டத்திலிருந்து கூடைக்குள் போடுவது, தனிக் கதை. கூடைக்குப் பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் வீசியபின் தடுமாறி முன்னால் கால் வைக்கக் கூடாது, நிலையாக நின்று காட்ட வேண்டும். காட்டில் இதில் சிக்கலே இல்லை. வெளியில் எதிர்க்காற்றில் பட்டரை விட்டால் அது கூடைக்கு முன்னால் மேலே எழும்பி, சங்கிலிக்கு மேல் தாண்டிப் போய்ப் பின்னால் இறங்கும். போனதோடு நின்றால் பரவாயில்லை, சரிவாக இருந்தால் உருளும். பதினைந்து அடியில் இருந்தவன் அடுத்த வீச்சை நாற்பது அடியிலிருந்து போடுவான். காற்று பலமாக இருக்கும் நாளில் கூடைக்கு அடியில் வைத்துவிட்டு அடுத்த வீச்சில் போடுவதுதான் புத்திசாலித்தனம். எனக்குத் தெரிந்து அப்படிச் செய்பவர்கள் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும்தான், அவர்கள்தான் ஜெயிக்கவும் செய்கிறார்கள்.

இந்தப் பூங்காவுக்கு இன்னொரு பூர்வீகமும் உண்டு. 1970 ஆகஸ்ட் கடைசியில் போர்ட்லாண்டில் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் மாநாடு. அதிபர் நிக்சன் வருவதாகப் பேச்சு, வியட்நாம் போரை எதிர்க்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரளப்போகிறார்கள், ஊர் பற்றி எரியும் என்று எல்லோருக்கும் பயம். ஆளுநர் டாம் மெக்கால் என்ன செய்தார் தெரியுமா? ஊரை விட்டுத் தள்ளி இந்தப் பூங்காவில் இலவச இசைவிழா நடத்த அனுமதி கொடுத்துவிட்டார். வோர்டெக்ஸ் 1 என்று பெயர். அரசே பின்னால் நின்று நடத்திய ராக் திருவிழா. கஞ்சா புகைப்பதையும் ஆற்றில் அம்மணமாகக் குளிப்பதையும் போலீஸ் கண்டுகொள்ளவில்லை, பல்லாயிரம் பேர் ஒரு வாரம் இங்கேயே கிடந்தார்கள், ஊரில் கலவரமும் வரவில்லை, நிக்சனும் வரவில்லை. மெக்காலின் அரசியல் வாழ்க்கை அதோடு முடிந்தது என்று பேசினார்கள், நவம்பரில் அவரே மறுபடி ஜெயித்தார். இதை மாமாவிடம் சொன்னபோது, நம்மூர்ல மாநாட்டுக்கு எதிரா மாநாடுதான் போடுவாங்க, இந்த ஆளு கச்சேரி போட்டிருக்காரு, பொழைக்கத் தெரிஞ்ச மனுஷன் என்றார்.

2020 செப்டம்பரில் இந்தப் பள்ளத்தாக்கு உண்மையிலேயே பற்றி எரிந்தது. ரிவர்சைட் தீ என்று பெயர், மேலே கிளாக்கமஸ் ஆற்றோரக் காடுகளில் 138,000 ஏக்கர் போனது, எஸ்டகாடா ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். ஊர் தப்பியது. ஆற்றோடு மேலே மலைப்பக்கம் வண்டி ஓட்டிப் போனால் கரிந்த மரங்கள் குச்சி குச்சியாக நிற்பதை இப்போதும் பார்க்கலாம். கோடையில் இங்கே வருபவர்கள் புகையும் நெருப்பும் விஷயத்தில் கொஞ்சம் பொறுப்பாக நடந்துகொள்ளுங்கள், காய்ந்த புல் நெருப்புக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

மற்றபடி சில விஷயங்கள். அக்டோபரிலிருந்து மே வரைக்கும் மழைதான், யாரும் அதற்காக ஆட்டத்தை நிறுத்துவதில்லை. இரண்டு துண்டு கொண்டுபோங்கள், ஒன்று தட்டுக்கு, ஒன்று கைக்கு. ஈரத் தட்டு விரலில் வழுக்கி முன்கூட்டியே கழன்றால் அது போகும் திசையில் யார் நிற்கிறார்களோ அவர்கள் பாடு. பூங்காவில் குதிரை சவாரிப் பாதைகள் உண்டு, நடைபாதைகள் உண்டு, ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் குழந்தை குட்டியோடு நடுவில் வருவார்கள். அவர்கள் தாண்டும்வரை காத்திருங்கள், மீறித் தட்டு அந்தப் பக்கம் போனால் வெட்கப்படாமல் "ஃபோர்!" என்று கத்துங்கள். நூற்று எழுபத்தைந்து கிராம் பிளாஸ்டிக் தலையில் பட்டால் விளையாட்டு இல்லை. நம் ஆட்கள் எட்டுப் பேராகச் சேர்ந்து போவது வழக்கம், எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. எட்டுப் பேர் ஒரு கூட்டமாக ஆடினால் பின்னால் வருபவர்கள் ஹோலுக்கு ஹோல் நின்று கொட்டாவி விட வேண்டும். நான்கு நான்காகப் பிரியுங்கள், இல்லையென்றால் பின்னால் வருபவர்களுக்கு வழி விடுங்கள். கடைசியில் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம், புளியோதரை எங்கேயும் ஓடிப்போகாது.

முதன்முறை போகிறவர்கள் 27-ஐயும் ஆடி முடிக்க வேண்டுமென்று வீம்பு பிடிக்க வேண்டாம். நடையே பல மைல் ஆகிவிடும், கடைசியில் களைத்துப்போய் வரும் வெளி ஹோல்களில் கை சொன்னபடி கேட்காது. பை நிறையத் தட்டும் வேண்டாம்: ஒரு பட்டர், ஒரு நடுத்தூரம், வேகம் 6, 7-க்குள் ஒரு டிரைவர், காற்றுக்கென்று கடைசியில் நன்றாகச் சரியும் தட்டு ஒன்று. எதிர்க்காற்றில் அதை மட்டும் எடுங்கள், தாழ்வாக விடுங்கள். காலையில் எட்டு மணிக்கு முன்னால் போய்விட்டால் புல்வெளியில் காற்றும் இருக்காது, கூட்டமும் இருக்காது, பனி மட்டும்தான் காலணியை நனைக்கும். பூங்காவின் மேல் பகுதியில் ஹூட் மலையைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது, மேகம் இல்லாத நாளென்றால் வரும்போது எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்த வாரக் கடைசியில் மழை இல்லை என்கிறார்கள். மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார், போகும்போது இரண்டு பட்டர்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு. அதனால் என் காரில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஹில்ஸ்பரோவிலிருந்து காலை ஆறே முக்காலுக்குக் கிளம்புகிறேன். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் சொல்லுங்கள், டெஸ்ட்ராயரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.